கம்பியில் கோத்த கறியா, கல்லில் வார்த்த தோசையா?

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி வருகிற ஆவணியோடு 40 வருடம். மண்டபம், கேக், மேடை எதுவும் வேண்டாம் என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். "எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரு நேரம் சாப்பிட்டாப் போதும்." அவர் கேட்டது அவ்வளவுதான். எங்கே உட்காருவது என்ற கேள்வியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு மூன்றாக உடைந்துவிட்டது.

மொத்தம் பதினாலு பேர். அப்பத்தாவுக்கு 84 வயது, முழங்கால் மடங்காது. அத்தை முருகனுக்கு நேர்ந்துகொண்டு கறியை விட்டு எட்டு வருடம் ஆகிறது. மாமாவுக்குச் சர்க்கரை. அண்ணன் பையன்கள் இரண்டு பேர், பன்னிரண்டும் எட்டும். என் மகளுக்கு நாலு வயது. அவளுக்குச் சாப்பாட்டைவிட ஓடுவதற்கு இடம் முக்கியம். இந்தப் பட்டியலை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஓட்டல் நல்லது என்ற பேச்சில் பாதிச் சண்டை, யாருக்கு நல்லது என்று கேட்காததால் வருவது.

அண்ணனும் மதினியும் சொன்னது, மாலில் இருக்கும் ஒரு செயின் ரெஸ்டாரண்ட். மேஜை நடுவில் கரி அடுப்பு, அதன்மேல் கம்பியில் கோத்த கோழி, இறால், பனீர், அன்னாசி. தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை, வயிறு கொள்ளும்வரை சாப்பிடலாம் என்கிற வகை. ஊர் ஊருக்குக் கிளை வைத்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். சித்தப்பா சொன்னது மெஸ். "மதுரையில பொறந்துட்டு கறி திங்க மாலுக்குப் போறதா?" என்பது அவர் கட்சியின் கொள்கை அறிக்கை. என் வீட்டுக்காரர் சொன்னது, பசுமலைப் பக்கம் மலைமேல் இருப்பதுபோல ஒரு பெரிய ஹோட்டலில் பஃபே. மேலே இருந்து பார்த்தால் ஊரும் கோபுரங்களும் தெரியும், போட்டோ நன்றாக வரும் என்றார்.

அந்தச் செயின் ரெஸ்டாரண்டைப் பற்றி எங்கள் வீட்டிலேயே இரண்டு கருத்து. மதினி போனது ஒரு புதன்கிழமை மதியம், அலுவலகத் தோழிகள் ஆறு பேரோடு. அவர் கணக்கில் அதைப்போல இடமே கிடையாது: கேட்காமலே இறால் வந்தது, வெயிட்டர் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், குல்ஃபி மட்டும் ஐந்து வகை. சித்தப்பா போனது சனிக்கிழமை இரவு, இரண்டாவது பந்தி. எட்டரைக்கு உட்கார வேண்டியவரை ஒன்பதேகாலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இறால் வந்தபோது ரப்பர். பக்கத்து மேஜையில் பிறந்தநாள், பத்துப் பேர் கைதட்டிப் பாட்டு. பில் வருவதற்குள் ஒரு பையன் வந்து, "சார், அஞ்சு ஸ்டார் போட்ருங்க" என்று போனை நீட்டியிருக்கிறான். சித்தப்பா ஒரு ஸ்டார் போட்டுவிட்டு, அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒருமுறை மதினியின் ஓட்டல், ஒருமுறை சித்தப்பாவின் ஓட்டல். ஒரே இடம்தான். நேரம்தான் வேறு.

இந்த மாதிரி இடங்கள் எப்படி நடக்கின்றன என்று கொஞ்சம் கவனித்தால் கருத்துகள் ஏன் இப்படி இரண்டு பக்கமும் இழுக்கின்றன என்பது புரியும். மதியம் 12.30க்கு ஒரு பந்தி, 2.30க்கு ஒரு பந்தி என்று கல்யாண வீடு மாதிரி பிரித்துவிடுவார்கள். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? முதல் பந்தியில் கரி புதிதாகக் கனன்றுகொண்டிருக்கும், சாலட் வாடியிருக்காது, வெயிட்டருக்கும் களைப்பிருக்காது. இரண்டாவது பந்தியில் இருப்பவருக்கு முன்பந்தியின் தாமதமெல்லாம் வந்து சேரும். வார நாளில் மேஜைகள் பாதி காலி, கவனிப்பும் இரட்டிப்பு. சனி ஞாயிறு இரவில் விலையும் கூட, கூட்டமும் கூட, கவனிப்பு மட்டும் கம்மி.

அடுத்தது சாப்பாட்டு வரிசை. கம்பியில் வரும் ஸ்டார்ட்டர்தான் அவர்களுடைய பெருமை. அதை மேஜைக்கே கொண்டுவந்து, விடாமல் அடுக்குவார்கள். அரை மணி நேரத்தில் வயிறு நிரம்பிவிடும். அப்புறம் எழுந்து போய்ப் பார்த்தால் பிரியாணி, பருப்பு, நூடுல்ஸ், ஏதோ ஒரு குழம்பு எல்லாம் மூடிபோட்ட பாத்திரத்தில் வெந்நீர்மேல் உட்கார்ந்திருக்கும். எனக்குத் தெரிந்து அந்தப் பிரியாணியைப் புகழ்ந்தவர் யாருமில்லை, பெரிதாகத் திட்டியவரும் இல்லை, ஏனென்றால் அதுவரை போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. ஸ்டார்ட்டரோடு நிறுத்திக்கொண்டவர் புகழ்கிறார். "சோறு எங்கே?" என்று தேடிப் போனவர் திட்டுகிறார். எங்கள் அப்பா இரண்டாவது வகை. ரசமும் மோரும் இல்லாமல் எழுந்தால் அவருக்கு அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது, பலகாரம் என்பார்.

காரம் ஒரு பெரிய விஷயம். தயிரும் கஸ்தூரி மேத்தியும் தடவி ஊறவைத்த வடக்கத்தி மசாலா அது. எல்லா ஊருக்கும் ஒரே செய்முறை. கோயம்புத்தூரில் சாப்பிட்டாலும் மதுரையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி என்பது அவர்கள் தரும் வாக்குறுதி, அதைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். மிளகும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயுமாக மட்டன் சுக்கா தின்று வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும். ஆனால் எட்டு வயதுப் பையனுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. மெஸ்ஸில் அவன் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொள்வான்.

இனி மெஸ். இங்கே எனக்குப் பாரபட்சம் உண்டு, மறைக்கவில்லை.

மதுரையில் கறிச் சாப்பாட்டுக்குப் பேர்போன இடங்களைச் சொல்ல ஆரம்பித்தால் நிற்காது. சிம்மக்கல் கோனார் கடைக் கறி தோசை. கனமாக வார்த்த தோசை, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் பொடியாக நறுக்கி மசாலாவோடு வெந்த ஆட்டுக்கறி, எல்லாம் கல்லிலேயே ஒன்றோடொன்று ஒட்டி, திருப்பிப் போட்டு வருவது. அழகர்கோவில் சாலைப் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று ஒரு வரிசை. எலும்பு மஜ்ஜை ஆம்லெட், கோலா உருண்டை, குடல் குழம்பு, அயிரை மீன் குழம்பு. அயிரை விரல் நீளம்கூட இருக்காது. உயிரோடு வாங்கிவந்து பால் கலந்த தண்ணீரில் விட்டால் வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிவிடும், அப்புறம் முழுசாகவே குழம்பில் போடுவார்கள். வைகையில் தண்ணீர் ஓடிய காலத்தில் ஆற்றிலேயே பிடித்ததாக அப்பத்தா சொல்லும். இப்போது கண்மாய் மீன்தான் பெரும்பாலும், விலையும் ஏறிவிட்டது.

இந்தச் சாப்பாடு எதுவுமே காத்திருக்காது. அதுதான் மெஸ்ஸுக்கும் பஃபேக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. கறி தோசை கல்லைவிட்டு இறங்கிப் பத்து நிமிடம் ஆனால் தொய்ந்துவிடும். பரோட்டா ஆறினால் செருப்பு. சுக்கா ஆறினால் எண்ணெய் உறைந்து நிற்கும். மூடிபோட்ட பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் வைக்கக்கூடிய பண்டங்கள் இல்லை இவை. அதனால் எந்த செயினும் இவற்றை நன்றாகத் தர முடியாது, தர முயலவும் வேண்டாம். போன தடவை 'மதுரை ஸ்பெஷல்' என்று ஒரு சின்னப் பரோட்டா வைத்திருந்தார்கள். பாவமாக இருந்தது.

சரி, அப்படியென்றால் மெஸ்ஸுக்கே போய்விடலாமே? பதினாலு பேரோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ்ஸுக்குப் போனவர்களுக்குத் தெரியும். போன வருடம் பத்துப் பேராக ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். ஒரே மேஜை கிடையாது. நாலு பேர் கீழே, மூன்று பேர் மாடியில், மூன்று பேர் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் மோர் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். நாமும் உட்கார்ந்த பிறகு நம் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். இரண்டரை மணிக்கு, "சுக்கா முடிஞ்சிருச்சுண்ணே." மாடிக்கு லிஃப்ட் இல்லை. கை கழுவும் இடம் ஈரம், அப்பத்தாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் கூட்டிப்போனோம். கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிய அண்ணன், நாங்கள் ரசத்துக்கு வந்தபோது உள்ளே வந்தான்.

அத்தைக்கு அங்கே கிடைத்தது சோறு, ரசம், கூட்டு, அப்பளம். குழம்புக் கரண்டி எதில் பட்டதோ என்று கூட்டையும் ஒதுக்கிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அத்தை எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் கஷ்டம்.

மெஸ் பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெஸ் என்றால் மலிவு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இலை போட்டதும் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணமாக சுக்கா, ஈரல், தலைக்கறி, நண்டு, இறால், காடை என்று அடுக்கி மேஜைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். விலை கேட்க யாருக்கும் வாய் வராது. விரலை நீட்டினால் கிண்ணம் இறங்கிவிடும். நாம் நாலு பேர், கிண்ணம் பதினொன்று. சாப்பாடு நூற்றுச் சொச்சம்தான், கிண்ணங்களால்தான் பில் ஏறும். கை கட்டி உட்காருபவருக்கு மெஸ் மலிவு. சித்தப்பா மாதிரி கை நீட்டுபவருக்குச் செயின் ரெஸ்டாரண்டின் ஒரே விலைதான் மலிவு. இதை அவரிடம் சொன்னபோது, "கணக்குப் பாத்தா கறி திங்கிறது?" என்றார்.

எங்கள் பதினாலு பேருக்கு அந்தச் செயினில் போட்ட கணக்கு இது. ஞாயிறு மதியம் பெரியவர்களுக்குத் தலைக்கு 899. பெரிய பையனையும் பெரியவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். ஆக பன்னிரண்டு பேருக்கு 10,788. சின்னவனுக்கு 450. என் மகளுக்கு இலவசம். ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்தால் 11,800 ரூபாய் வரும். ஜூஸ், சோடா கேட்டால் தனி. அப்பத்தா சாப்பிடப்போவது இரண்டு கரண்டி தயிர்சாதம், அதற்கும் 899. இந்த ஒரே விலை முறையில் சின்ன வயிறுகள் பெரிய வயிறுகளுக்குப் பணம் கட்டுகின்றன. எங்கள் வீட்டில் இரண்டுமே இருப்பதால் சரியாகிவிடும்.

பெரிய ஹோட்டலைப் பொறுத்தவரை சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் வரியே அதை முடித்துவிட்டது. ரெஸ்டாரண்டுகளுக்கான ஜிஎஸ்டி 2017 நவம்பர் 15 முதல் 5 சதவீதம். அதற்குமுன் ஏசி இருந்தால் 18, இல்லாவிட்டால் 12 என்று இருந்தது. ஆனால் அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டுகளுக்கு இன்னும் 18 சதவீதம்தான். தலைக்கு 1,500 என்று வைத்தாலும் பன்னிரண்டு பேருக்கு 18,000. வரி மட்டும் 3,240. அதே சாப்பாடு வெளியே என்றால் வரி 900. மீதி 2,340க்கு நாம் வாங்குவது மலையும் காற்றும். என் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "போட்டோவைத் திருப்பரங்குன்றத்துல எடுத்துக்கலாம்" என்று இறங்கி வந்துவிட்டார்.

பில்லில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், எந்த வகை ஓட்டலானாலும். சர்வீஸ் சார்ஜ் என்று ஐந்தோ பத்தோ சதவீதம் சேர்த்திருந்தால் அது வரி கிடையாது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு ஏசி ரெஸ்டாரண்டில் எனக்கு இப்படிச் சேர்த்து வந்தது. எடுத்துவிடுங்கள் என்றதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். எடுக்க மாட்டேன் என்றால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதேபோல, ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்து, மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடை, நம்மிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கக் கூடாது. மெஸ் பில்லில் வரி போட்டிருந்தால் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

வீட்டுக்கே மாஸ்டரை வரவழைத்துச் சமைப்பது என்றும் ஒரு யோசனை வந்தது. அம்மா உடனே, "அப்ப நான் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்" என்றார். அத்தோடு அதை மூடிவிட்டோம். யாருடைய கல்யாண நாளோ அவரையே வேலை வாங்குவதா?

ஆக, முடிவு. எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது: செயின் ரெஸ்டாரண்டுக்கே போகிறோம். ருசியில் அது மெஸ்ஸிடம் தோற்றுப்போகும், சந்தேகமே இல்லை. நாலு பேர் என்றால் நான் மாலின் பக்கமே திரும்ப மாட்டேன். ஆனால் பதினாலு பேரை ஒரே மேஜையில், இரண்டு மணி நேரம், முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்காமல் உட்கார வைக்க இந்த ஊரில் வேறு வழி தெரியவில்லை. லிஃப்ட் இருக்கிறது. கார் நிறுத்த இடம் இருக்கிறது. கழிவறை காய்ந்த தரையோடு இருக்கிறது. அப்பத்தாவுக்கு அது ஒன்றே போதும். அத்தைக்குத் தனி அடுப்பு, தனிக் கம்பி கேட்டால் போட்டுத் தருகிறார்கள். பனீர், காளான், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று அவரும் ஒருநாளாவது மற்றவர்களைப் போலக் கைநிறைய எடுத்துச் சாப்பிடலாம். மாமா இனிப்புப் பக்கம் போகாமல் அத்தை பார்த்துக்கொள்வார்.

அப்பா சொன்ன 'ஒண்ணா உக்காந்து' என்பதைத்தான் பிடித்துக்கொண்டேன். 'சாப்பிட்டாப் போதும்' என்பதற்கு வேறு ஏற்பாடு. முந்தின நாள் சனிக்கிழமை இரவு அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் சிம்மக்கல்லுக்குப் போய்க் கறி தோசை சாப்பிட்டுவிட்டு, அப்படியே விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வருவார்கள். காரை எடுக்க வேண்டாம், ஆட்டோவில் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் மாசி வீதிப் பக்கம் காரை நுழைத்தால் தோசை ஆறுவதற்குள் வெளியே வர முடியாது. சித்தப்பா சமாதானமாகிவிட்டார். மறுநாள் மாலுக்கும் வருவாராம். "ஆனா எதுக்கும் பத்து மணிக்கு வீட்டுல நாலு இட்லியப் போட்டுட்டு வந்துர்றேன்" என்றார். 899 ரூபாய் கட்டும் இடத்துக்கு வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறவரிடம் என்ன பேசுவது?

நேற்று போன் செய்து முதல் பந்திக்கு, 12.30க்கே, மேஜை பிடித்துவிட்டேன். மூலை மேஜை, ஸ்பீக்கருக்குத் தூரமாக. காரம் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றேன். "சமையல்கார அண்ணன்கிட்ட சொல்றேன் மேடம்" என்றது அந்தப் பெண் குரல். கடைசியில் ஏதும் விசேஷமா என்று கேட்டபோது, வாய் தவறிக் கல்யாண நாள் என்று சொல்லிவிட்டேன். பாட்டு மட்டும் வேண்டாம், கைதட்டல் வேண்டவே வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். "சரி மேடம், பாட்டு இல்ல. கேக் மட்டும் எங்க சார்பா ஃப்ரீயா வந்துரும்."

அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.